அளவு நன்றாக இருக்கும் நாளிலும் அந்த மாத்திரை

“அதான் பிரஷர் நார்மல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?”

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இந்தக் கேள்வியை மருந்துக்கடை வாசலில் கேட்கலாம். திங்கட்கிழமை மனு கொடுக்க வந்து ஆட்சியர் அலுவலக வளாகத்தில் காத்திருப்போர் பேச்சிலும் கேட்கலாம். கேட்பவர் விவரம் தெரியாதவர் அல்ல. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டோம், காய்ச்சல் விட்டது, மாத்திரையை நிறுத்தினோம் என்பதுதான் நம் எல்லோருடைய அனுபவமும். அந்தக் கணக்கு ரத்த அழுத்தத்துக்குப் பொருந்தாது. அளவு 130/80க்கு இறங்கியிருக்கிறது என்றால், நேற்றும் முந்தின நாளும் போட்ட மாத்திரை இன்று உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே பொருள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதற்காகக் கண் குணமாகிவிட்டது என்று யாரும் கண்ணாடியைக் கழற்றி வீசுவதில்லை.

நிறுத்தியவரை ஏமாற்றுவது இன்னொன்று. நம் ஊரில் மிகப் பரவலாகத் தரப்படும் பிரஷர் மாத்திரை அம்லோடிபின். உடம்புக்குள் போன அம்லோடிபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 35 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அதனால் மாத்திரையை நிறுத்திய மறுநாள் அழுத்தம் எகிறுவதில்லை. இரண்டாம் நாளும் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் யாரோ பார்த்துச் சொல்லும் எண்ணும் ஓரளவு நன்றாகவே இருக்கும். “பார்த்தீங்களா, மாத்திரை இல்லாமலே இருக்கேன்” என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் அழுத்தம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அப்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை.

ஏறியது உடம்புக்குத் தெரியாதா என்றால், பெரும்பாலோருக்குத் தெரியாது. தலைசுற்றல், தலைவலி, படபடப்பு வந்தால்தான் பிரஷர் என்று நாம் நினைக்கிறோம். 170/100 அளவோடு வயலில் அண்டை வெட்டுகிறவர்களும், பேருந்து ஓட்டுகிறவர்களும், பத்துப் பேருக்குச் சமைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வலி இல்லாததால் நோய் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். இந்த இடைவெளியில் மூளை, இதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை ஆகிய நான்கிலும் உள்ள மெல்லிய நாளங்கள் வருடக்கணக்கில் அடிவாங்கித் தடிக்கின்றன. ஒருநாள் ஒரு பக்கம் கை கால் விழும்போது, அல்லது சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்று சொல்லும்போது, குடும்பமே “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்” என்கிறது.

மாத்திரை உண்மையில் இதைத் தடுக்கிறதா, எண்ணை மட்டும் இறக்குகிறதா? நியாயமான சந்தேகம். ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தார். அவருடைய அழுத்தம் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போனது மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் கொடுப்பதற்கு அவர்களிடம் உருப்படியான மருந்து இல்லை. 1967இல் எட்வர்ட் ஃப்ரீஸ் என்ற மருத்துவர் தலைமையில் முன்னாள் ராணுவ வீரர்களிடையே நடந்த ஆய்வு சந்தேகத்தைத் தீர்த்தது. கீழ் எண் 115க்கும் 129க்கும் இடையில் இருந்த 143 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை போட்டவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு வந்தது. மருந்து போட்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. அதன் பிறகு உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மேல் எண்ணை மருந்தால் 10 புள்ளி குறைத்தால் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 27 சதவீதமும், இதயம் செயலிழக்கும் ஆபத்து 28 சதவீதமும் குறைகின்றன. வெறும் 10 புள்ளிக்கு இவ்வளவு.

ஃப்ரீஸ் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்றான ரிசர்பின் நம் மண்ணில் விளைந்த செடியிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி என்னும் அந்தச் செடியின் வேரை நாட்டு வைத்தியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திவந்தார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

அந்த மூன்று பழைய மருந்துகளும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்த கதை இங்கே பலருக்குத் தெரியாது. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, வாழ்நாள் முழுக்க டயாலிசிஸுக்கு வரும் ஏழைகளைப் பார்த்தவர். சிறுநீரகம் கெட்ட பிறகு செய்யும் செலவு இந்த நாட்டுக்குக் கட்டுப்படியாகாது, கெடுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். சென்னையை அடுத்த கிராமங்களில் ஏறத்தாழ 25,000 பேரிடையே ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ மூலம் வேலையைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பி அழுத்தம் பார்க்கச் சொன்னார். அழுத்தம் இருந்தவர்களுக்கு ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின் ஆகிய மிக மலிவான மருந்துகளே தரப்பட்டன. 2003இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, மருந்து எடுத்தவர்களில் 96 சதவீதம் பேருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழே வந்தது. விலை உயர்ந்த மருந்தோ பெரிய மருத்துவமனையோ இல்லாமல் கிடைத்த பலன் இது. மாத்திரை வீட்டுக்கே வந்தது, அதைத் தினமும் போட்டார்களா என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். இந்த இரண்டுமே அந்த வெற்றிக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் அப்படி ஆள் இல்லாத நிலை எப்படி இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். நூறு பேரில் ஏழு பேர்! இத்தனைக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். மருந்து இருந்தது, ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று வாங்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்கள் ஏறத்தாழ 17 சதவீதமாக உயர்ந்தார்கள். நல்ல முன்னேற்றம். ஆனாலும் நூறில் இன்னும் எண்பதுக்கு மேற்பட்டோர் வெளியே நிற்கிறார்கள்.

இனி கையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் பார்ப்போம். கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படிக்கப் பழகுங்கள். வெவ்வேறு பெயரில் ஒரே மருந்தை இரண்டு மடங்காக விழுங்கும் ஆபத்து அதனால் தவிரும்.

அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. முழுப் பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இதைக் கண்டதும் “கிட்னி போச்சு” என்று பயந்து மாத்திரையை விடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது குழாய் விரிந்ததால் கீழே நீர் தேங்கும் வீக்கம். சிறுநீரகக் கோளாறு அல்ல. வீக்கம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து சேர்க்கலாம், மாற்றலாம்.

டெல்மிசார்டன் வேறு வழியில் போகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் குழாய்களைச் சுருங்கச் செய்யும், உப்பைப் பிடித்துவைக்கச் செய்யும். அந்தப் பொருள் போய் ஒட்டும் இடத்தை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. சர்க்கரை நோயும் சேர்ந்து, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இது சிறுநீரகத்தையும் காக்கும். முழுப் பலனுக்கு நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஒரே வாரத்தில் “இது எனக்குக் கேட்கலை” என்று முடிவு கட்டினால் மருந்துக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்றாகும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் மருத்துவர் சொல்லும்போது பார்த்துவிட வேண்டும். எனலாப்ரில் இதே பாதையை வேறு இடத்தில் மறிக்கும் மருந்து. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்த மருந்துக் குடும்பம் அது. சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். மாதக்கணக்கில் இருமல் டானிக் குடிப்பவர்கள் தாங்கள் போடும் பிரஷர் மாத்திரை எதுவென்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும் பெண்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் டெல்மிசார்டன், எனலாப்ரில் இரண்டையும் எடுக்கக் கூடாது. கருவின் சிறுநீரகத்தை அவை கெடுக்கும். லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. வீட்டில் மாமியாருக்குக் கொடுத்த மாத்திரையை மருமகளுக்குக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஓர் உதாரணமே போதும்.

குளோர்தாலிடோன் சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும். மிகக் குறைந்த அளவே போதும், வழக்கமாக 12.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வயதானவர்களுக்குச் சோடியமோ பொட்டாசியமோ இறங்கி, அசதியும் குழப்பமும் வரலாம். “அப்பா ரெண்டு நாளா ஒரு மாதிரி பேசுறார்” என்றால் வயசு என்று விட்டுவிடாமல் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அட்டெனலால் போடுகிறவர்கள், குறிப்பாக இதயநோய் உள்ளவர்கள், திடீரென்று அதை நிறுத்தவே கூடாது. இதயத் துடிப்பு எகிறி நெஞ்சுவலி வரலாம்.

“ஒரு மாத்திரை ரெண்டாயிடுச்சு, நோய் முத்திப்போச்சு போல” என்று கலங்குகிறார்கள். அப்படி இல்லை. ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது அழுத்தத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாகக் குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். பக்கவிளைவும் குறைவு. தொடக்கத்திலேயே இரண்டு மருந்து எழுதும் மருத்துவர் உங்களைப் பயமுறுத்தவில்லை.

காலையா, இரவா? பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, எந்த நேரத்தில் போட்டாலும் பலன் ஒன்றே என்று காட்டியது. உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம். ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கும், வேலூர் சாலையில் வந்து இறங்கும் பக்தர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கிரிவலம் 14 கிலோமீட்டர். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறவருக்கு நடை நல்ல மருந்து. பௌர்ணமி விரதம் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் என்பதற்காகப் பிரஷர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அதற்குத் தேவை இல்லை. இந்த மாத்திரைகளைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வேறு. சாப்பிடாத நாளில் அவற்றை என்ன செய்வது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடந்து முடித்த பிறகு வரும் ஆபத்து பலர் கண்ணில் படுவதில்லை. மறுநாள் முழங்கால் வலிக்கும். மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை கிடைக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் போடுகிறவர், வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்போடு அந்த வலி மாத்திரையையும் விழுங்கினால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடும். மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு நடந்து, மாதம் தவறாமல் வலி மாத்திரை போடும் ஐம்பது வயதுக்காரர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், ஓய்வு. அதற்கும் கேட்காவிட்டால் மருத்துவர். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றும் நாட்களிலும் டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் இரண்டையும் சில நாள் நிறுத்தச் சொல்லக்கூடும், உடனே கேளுங்கள்.

கிரிவல வழியில் கொடுக்கும் நீர்மோரில் உப்பு தாராளமாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பார், ரசம், பொரியலில் போடுவதோடு ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கில் வரும். உப்பைக் குறைத்தால் மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களும் டெல்மிசார்டன் போடுகிறவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீரும் அப்படியே.

தொண்டைக்கு நல்லது என்று நாம் நம்பி மெல்லும் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நாட்டு மருந்து எடுப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மருத்துவரும் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. படியேறி வந்த மூச்சோடு, டீ குடித்த வாயோடு, பேசிக்கொண்டே கையை நீட்டினால் எண் கூடுதலாகத்தான் வரும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். டீ, காபி, பீடிக்கு அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு வந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். அளவு பார்க்கும் நாளில் “மாத்திரை இல்லாம எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம்” என்று போடாமல் போகிறவர்கள் உண்டு. அந்த எண்ணை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டிவிடுவார். இலக்கு பொதுவாக 140/90க்குக் கீழே; சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் 130/80க்குக் கீழே.

ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலோருக்கு ஆம் என்பதே நேர்மையான பதில். எடை நன்றாகக் குறைந்து, உப்பும் மதுவும் குறைந்து, மாதக்கணக்கில் அளவு தாழ்ந்தே இருப்பவர்களுக்கு மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பதும் நடக்கிறது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், மேல் எண் அடிக்கடி 110க்குக் கீழே வந்தால் சொல்லுங்கள், குறைப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரையை நாக்கடியில் வைத்துப் பார்க்க வேண்டாம். அழுத்தம் சட்டென்று சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். வாயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது, புரையேறும். உடனே 108ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அவர் போடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.